சைக்காலஜி படித்தாயிற்று, படம் வரைவதை விட மனமில்லை: இரண்டையும் வைத்துப் பிழைக்க முடியுமா?

புள்ளிக்கோலம்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போகிறவள், இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை. இந்த ஏப்ரலில் சென்னையில் பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தேன். ஊர் மயிலாடுதுறைப் பக்கம். ஐந்தாம் வகுப்பிலிருந்து வரைகிறேன், வாட்டர்கலர் கொஞ்சம் கைவரும், மார்கழி முழுக்க எங்கள் தெருவில் பாதி வாசலில் என் கோலம்தான். பிளஸ் டூ முடித்ததும் ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தேன், அப்பா அதை நாலாக மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். சைக்காலஜி என்றால் பின்னால் கவுன்சலிங் வேலையாவது கிடைக்கும் என்று சமரசம் ஆயிற்று. படிக்கப் படிக்க அதுவும் பிடித்துப் போய்விட்டது, இப்போது அதுதான் சிக்கல்.

மூன்றாம் வருடம் ஒரு சிறப்புப் பள்ளியில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் போனேன். அங்கே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வரைந்தபோதுதான் இரண்டும் ஒரே வேலையாக இருக்க முடியும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. வீட்டில் சொன்னால் அம்மா "மூணு வருஷம் படிச்சிட்டு கீழ்ப்பாக்கத்துக்கா போகப் போறே" என்கிறார்.

போன வாரம் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. சனி, ஞாயிறு இரண்டே நாள், 18,000 ரூபாய், முடித்தால் "சான்றிதழ் பெற்ற ஆர்ட் தெரபிஸ்ட்", அதாவது படம் வரைய வைத்து மனநலச் சிகிச்சை செய்கிறவர். சேரலாமா? இல்லை எம்.எஸ்சி.யா, ஓவியப் படிப்பா? இந்தியாவில் ஆர்ட் தெரபிஸ்ட் என்று ஒரு வேலை சட்டப்படி உண்டா? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் சரி.

ஆறாம் வார்டு

அந்த 18,000-ஐ பத்திரமாக வைத்துக்கொள். அதுதான் முதல் பதில்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பன்னிரண்டு வருடமாக மனநல வார்டுகளில். ஒளிக்காமல் என்று கேட்டாய், அதனால் சொல்கிறேன். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ பதிவு வேண்டும், இந்திய மறுவாழ்வு கவுன்சில், 1992-ஆம் வருடச் சட்டம். அதற்கு இத்தனை காலமும் வழி எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி, அதன் மேல் இரண்டு வருட எம்.ஃபில்., அதுவும் பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிலையம் மாதிரி இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதி. புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில்.லையே எடுத்துவிட்டார்கள், இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 வரை யுஜிசி நீட்டிப்பு கொடுத்தது. பாதை மாறிக்கொண்டிருக்கிற நேரம் என்பதால் என்னைப் போன்ற பழைய ஆட்கள் சொல்வதை நம்பாமல், சேருவதற்கு முந்தின வாரம் ஆர்சிஐ தளத்தில் நீயே உட்கார்ந்து பார்.

ஆர்ட் தெரபிஸ்ட் என்று தனிப் பதவி போட்டு ஆள் எடுக்கும் விளம்பரத்தை இத்தனை வருடத்தில் நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடுவேன். ஆனால் சைக்காலஜிஸ்ட்டாக உள்ளே வந்து, பென்சிலும் சாக்பீஸுமாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே அப்படித்தான். முதலில் சைக்காலஜிஸ்ட் ஆகு, கையில் இருக்கிற கலையை யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள்.

ரிட்டயர்டு அப்பா

ஒரு அப்பாவின் பக்கத்தையும் கேட்டுக்கொள் அம்மா. எனக்கும் ஒரு மகள், இதே மாதிரி. விண்ணப்பத்தை மடித்து பீரோவில் வைத்தார் என்றாயே, கிழித்துப் போடவில்லை, அதைக் கவனித்தாயா? மாதம் எவ்வளவு வரும், எத்தனை வருடத்தில் வரும், இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. நாங்கள் பயப்படுவது தொகை குறைவு என்பதற்கு அல்ல, தொகையே தெரியவில்லை என்பதற்கு.

கசங்கிய சான்றிதழ்

நான் அந்த மாதிரி ஒரு வகுப்புக்குப் போனவள். எது என்று சொல்லப் போவதில்லை, எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஓட்டல் ஒன்றின் கான்பரன்ஸ் ஹால், நாற்பது பேர், ஏசி குளிர், காலையில் மண்டலா வரைந்தோம், மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் ஒருவருக்கொருவர் "உங்கள் படத்தில் நீலம் அதிகமாக இருக்கிறது, உங்களுக்குள் ஏதோ துக்கம்" என்று சொல்லிக்கொண்டோம். மறுநாள் தங்க ஓரம் போட்ட சான்றிதழ். அம்மா லேமினேட் செய்து ஹாலில் மாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் அபார்ட்மென்டில் காலேஜ் படிக்கும் ஒரு பெண்ணுக்கு செஷன் என்று ஆரம்பித்தேன். "உன் வீட்டை வரை" என்றேன். பாதி வரைந்தவள் பென்சிலை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். சும்மா கண் கலங்குவது இல்லை, மூச்சு வாங்குகிற அழுகை, நாற்பது நிமிடம் நிற்கவில்லை. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தேன், விசிறிவிட்டேன், கடைசியில் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன், அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது, அவள் வரைந்ததே அம்மாவைப் பற்றித்தான். அன்றைக்கு ராத்திரி அந்தச் சான்றிதழைக் கழற்றிவிட்டேன்.

படம் வரையச் சொல்வது சுலபம். வரைந்ததும் என்ன வெளியே வரும் என்பது நம் கையில் இல்லை. வந்ததை ஏந்திக்கொள்ளத் தெரியாதவர்கள் வரையச் சொல்லக் கூடாது.

களிமண் கும்பகோணம்

எல்லோரும் சைக்காலஜி பக்கமே பேசுகிறீர்களே, எங்கள் பக்கத்துக்கு ஒருவன் வேண்டாமா! நான் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். பதினாறு வருடமாக ஒரு சிறப்புப் பள்ளியில் கலை ஆசிரியர். தெரபிஸ்ட் என்று நான் சொல்லிக்கொள்வதில்லை, பிள்ளைகள் "மண்ணு சார்" என்பார்கள்.

தங்கச்சி, உனக்குப் பொருள் தெரியுமா என்று முதலில் பார். மனசு அப்புறம். களிமண் பிடிக்காத பிள்ளை உண்டு, அந்த ஈரம் கையில் பட்டாலே அலறுவான், அவனிடம் முதல் நாளே மண்ணைக் கொடுத்தால் அதோடு முடிந்தது. அவனுக்கு மைதா மாவு, அதிலும் கொஞ்சம் எண்ணெய் சேர்த்துப் பிசைந்தது. ஃபெவிகால் காய்ந்து உரியும்போது கிடைக்கிற சுகத்துக்காகவே ஒரு பையன் தினமும் வகுப்புக்கு வந்தான், ஆறு மாதம் அவன் வேறு எதுவும் செய்யவில்லை, உள்ளங்கையில் தடவுவான், ஊதுவான், உரிப்பான். நான் விட்டுவிட்டேன். வாட்டர்கலர் ஓடும், கட்டுக்குள் நிற்காது, பதற்றம் உள்ள பிள்ளைக்கு அது இன்னும் பதற்றம், அவனுக்கு கிரேயான். எது ஓடும், எது நிற்கும், எது கிழியும், எது திரும்பச் சேரும் என்பதெல்லாம் சைக்காலஜி புத்தகத்தில் இல்லை, கை பழகித்தான் வரும்.

இன்னொன்று, கத்தரிக்கோல் எத்தனை உள்ளே போயிற்று, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணு. தினமும் எண்ணு. இதை எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. 1850-இல் மதராஸில் ஓவியப் பள்ளி தொடங்கினாரே அலெக்சாண்டர் ஹண்டர், இன்றைய எழும்பூர் கவின்கலைக் கல்லூரி, அந்த மனிதர் தொழிலால் ஒரு சர்ஜன். ஆஸ்பத்திரியும் ஓவியமும் நம் ஊரில் அன்றைக்கே ஒரே வாசலில்தான் நின்றிருக்கின்றன, நாம்தான் மறந்துவிட்டோம். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்.

ஆதாரம் எங்கே

இழையில் எல்லோரும் நெகிழ்ந்துகொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது, மாட்டிஸ் என்று பெயரிட்ட ஆய்வு. ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 417 பேர், மூன்று பிரிவு: ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒரு தடவை குழு ஆர்ட் தெரபி, இன்னொன்றுக்கு வேறு ஏதாவது குழுச் செயல்பாடு, மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அன்றாடச் செயல்பாட்டிலும் நோய் அறிகுறிகளிலும் ஆர்ட் தெரபியால் கூடுதல் பலன் இல்லை. பெரிய, ஒழுங்காகச் செய்த ஆய்வு.

பதிலுக்கு எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவது 2016-இல் பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் செய்தது. 45 நிமிடம் ஏதாவது கலை வேலை செய்தால் முக்கால்வாசிப் பேருக்கு எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது என்று. மொத்தம் 39 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவே கிடையாது. 45 நிமிடம் அமைதியாக மல்லிப்பூ கட்டினாலும் குறைந்திருக்கும்.

வீடு-மரம்-மனிதன் வரையச் சொல்லி ஆளின் குணத்தைச் சொல்லும் சோதனை ஒன்று, 1940-களில் வந்தது, அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மரத்தில் பொந்து போட்டால் மனக்காயமாம். எங்கள் வீட்டு வேப்பமரத்தில் நிஜமாகவே பொந்து இருக்கிறது.

ஆறாம் வார்டு

ஆதாரம், நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வும் சரி. முதலாவதில் நீங்கள் விட்டுவிட்ட ஒன்று: ஆர்ட் தெரபி பிரிவில் போடப்பட்டவர்களில் கணிசமானவர்கள் வகுப்புக்கே சரியாக வரவில்லை. வராதவர்களுக்குப் பலன் இல்லை என்று சொல்வதும், வர வைக்க முடியாததே ஒரு தோல்விதான் என்று சொல்வதும், இரண்டுமே நியாயம். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்வேன். யாரும் விரும்பாத சிகிச்சை சிகிச்சை ஆகாது.

வீடு-மரம்-மனிதன் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். படத்தைப் பார்த்து ஆளைப் படிப்பது கிளி ஜோசியம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆதாரமாக அல்ல. ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்த்தபோது ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா. பேச்சே இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விடுவார். ஒரு நாள் சிமென்டுத் தரையில் நான் சும்மா சாக்பீஸால் கோலம் போட்டேன், பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்தும் இடைப்புள்ளி. எனக்கு அவ்வளவாகக் கை வராது. மூன்றாவது வரிசையில் நான் தடுமாறியபோது அந்த அம்மா எழுந்து வந்து, என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, ஒரு புள்ளி வைத்தார். "ஒண்ணு விட்டுட்டே" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பதினோரு நாள் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் தினமும் பத்து மணிக்கு அந்த இடத்துக்கு வந்து நிற்பார்.

இதைச் சொன்னால் எல்லோரும் கை தட்டுவார்கள், அதனால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே வாரம்தான் டாக்டர் மருந்தை மாற்றியிருந்தார். எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது. கேஸ் ஷீட்டிலும் இரண்டையும்தான் எழுதினேன்.

மழைக்கோட்டு

இங்கிலாந்தில் ஆர்ட் தெரபி முதுநிலை இரண்டாம் வருடத்தில் இருக்கிறேன், திருச்சிப் பெண். இங்கே நிலைமை வேறு. ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பெயரே சட்டப் பாதுகாப்பு உள்ளது, அரசு வகுத்த ஒழுங்குமுறைக் குழுவில் பதியாமல் யாரும் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவிலும் முதுநிலை அளவில்தான் பயிற்சி.

சேருவதற்கு சைக்காலஜி மதிப்பெண்ணை விட என் ஸ்கெட்ச் புத்தகங்களைத்தான் அதிக நேரம் புரட்டினார்கள். "இவ்வளவு அழகாக வரைகிறாயே, அசிங்கமாக வரைந்தது எங்கே?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். என்னிடம் இல்லை. எல்லாம் காட்டுவதற்கென்று வரைந்தவை. அது பெரிய உதை எனக்கு. படிக்கும் காலம் முழுக்க நாமே ஒருவரிடம் தெரபிக்குப் போக வேண்டும், அந்தச் செலவு நம்முடையது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும், முடித்த பிறகு கிடைப்பதும் பெரும்பாலும் வாரம் இரண்டு நாள், மூன்று நாள் வேலை. கடன் வாங்கி வருவதாக இருந்தால் பத்து தடவை யோசி.

ஆறாம் வார்டு அக்கா கிளி ஜோசியம் என்றாரே, எங்கள் துறையின் ஆரம்பமே அப்படி இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஏட்ரியன் ஹில் என்று ஒரு ஓவியர், காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்துக்கிடந்தபோது பொழுது போகாமல் வரைந்தார், பக்கத்துக் கட்டில்காரர்களையும் வரைய வைத்தார், 1942-இல் ஆர்ட் தெரபி என்ற பெயரை வைத்தவர் அவர்தான். எட்வர்ட் ஆடம்சன் 1946-இல் சர்ரே பக்கம் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஸ்டூடியோ நடத்தியவர், அவரும் ஓவியர். நோயாளிகள் வரைவார்கள், அவர் பேசாமல் இருப்பார், விளக்கம் சொல்ல மாட்டார்.

அதே 1946-இல் பிரேசிலில் நீஸ் டா சில்வேரா. மனநல மருத்துவர். மின் அதிர்ச்சி கொடுக்க மாட்டேன், மூளையில் வெட்ட விடமாட்டேன் என்று மறுத்தார். போ என்று யாரும் மதிக்காத தொழிற்பயிற்சிப் பிரிவுக்குத் தள்ளினார்கள். அங்கே போய் ஓவிய அறை திறந்தார். 1952-இல் ரியோவில் அந்தப் படங்களுக்கு ஒரு அருங்காட்சியகமே வந்துவிட்டது. தண்டனையாகக் கொடுத்த அறை!

கெஜட் அண்ணாச்சி

சட்டப்படி உண்டா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்ததல்லவா, அதன் அட்டவணையைப் பொறுமையாகப் படித்தால், மூவ்மென்ட் தெரபிஸ்ட் என்ற தலைப்புக்குள் ஆர்ட், டான்ஸ் தெரபிஸ்ட் என்று சேர்த்திருக்கிறார்கள். ஆகப் பெயர் சட்டத்தில் ஏறிவிட்டது, பாப்பா. பெயர் ஏறுவது ஒன்று, அதை வைத்துச் சம்பளம் வருவது வேறொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. எம்.எஸ்சி. சைக்காலஜியைத் தபாலில் படித்துக்கொண்டே பக்கத்தில் ஓவியம் பழகலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். யாராவது இன்னும் சேர்க்கை நடக்கிறது என்று சொன்னால் பணம் கட்டாதே.

வயர்பிரேம்

தெரபி ஒன்றுதான் வழி என்று ஏன் எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள்? நானும் பி.ஏ. சைக்காலஜி, வரைவேன். இப்போது ஒரு செயலி நிறுவனத்தில் யூஎக்ஸ் ரிசர்ச். அறுபது வயதுக்காரர் பணம் அனுப்பும் பட்டனை ஏன் அழுத்தப் பயப்படுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. அதுவும் சைக்காலஜிதான், அதுவும் படம்தான். ஐஐடிகளில் எம்.டெஸ்., அதாவது டிசைன் முதுநிலை, சேர சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு, அகமதாபாத் தேசிய டிசைன் நிறுவனத்துக்கு (NID) தனித் தேர்வு. சம்பளம் வார்டை விட மேல், மன்னிக்கவும் அக்கா.

ஆறாம் வார்டு

மன்னிப்பெல்லாம் எதற்கு, உண்மைதானே.

புள்ளிக்கோலம்

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். 18,000 தப்பித்தது.

ஆதாரம் எங்கே சார் மரத்துப் பொந்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உறுத்தும்.

இன்டர்ன்ஷிப்பில் ஒரு பையன், ஒன்பது வயது, ஆட்டிசம். எதை வரைந்தாலும் கறுப்புதான். சூரியன் கறுப்பு, வாழைமரம் கறுப்பு, அவன் அம்மா கறுப்பு. பன்னிரண்டு கலர் டப்பா முன்னால் இருக்கும், கை நேராகக் கறுப்புக்குப் போகும். நான் என் ரெக்கார்டு நோட்டில் ஒரு முழுப் பக்கம் எழுதினேன், அடக்கி வைத்த துயரம், தாயோடு பிணைப்பில் சிக்கல் என்று, அம்மாவைக் கறுப்பில் வரைந்தானே என்பதற்குத் தனியாக ஒரு பத்தி. மேடத்திடம் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

கடைசி நாள் அங்கே இருக்கும் ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அதுவா, மத்த கலர்ல எல்லாம் தாளு உரிஞ்சு போச்சு, மெழுகு விரல்ல ஒட்டும், இவனுக்கு ஒட்டினா ஆகாது. கறுப்பை யாரும் தொடுறதில்லை, அதான் தாளோட முழுசா இருக்கு" என்றார். டப்பாவைத் திறந்து பார்த்தேன். பதினொன்று உரிந்து, உடைந்து, அழுக்காக. கறுப்பு ஒன்றுதான் புதுசு போல தாள் சுற்றி இருந்தது.

ஒரு மாதம் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். டப்பாவை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. அவன் அம்மாவைப் பற்றி நான் எழுதியது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. இதற்குப் பிறகும் நான் இந்த வேலைக்கு லாயக்கா என்று ராத்திரியில் யோசிக்கிறேன்.

ஆதாரம் எங்கே

இந்த ஒரு பதிவுக்காக இழையை சேமித்து வைத்துக்கொள்கிறேன். ஆயாவிடம் கேட்டாய் பார், அதுதான் ஆய்வு.

களிமண் கும்பகோணம்

இது எனக்கும் நடந்தது தங்கச்சி, மூன்றாம் வருடம். ஊதா. கதை நீளம், விடு. அடுத்த தடவை அவனுக்குப் புது டப்பா வாங்கிக் கொடுத்துப் பார், ஒவ்வொரு கிரேயானிலும் செல்லோ டேப் சுற்று. அப்போதும் கறுப்பையே எடுத்தால் அவனுக்குக் கறுப்பு பிடிக்கும் என்று அர்த்தம்.

கசங்கிய சான்றிதழ்

லாயக்கா என்று கேட்கிறவர்களிடம்தான் நான் என் பிள்ளையை அனுப்புவேன். நான் போன அந்த இரண்டு நாள் வகுப்பில் ஒருவர் கூடக் கேட்கவில்லை, நான் உட்பட.

ஆறாம் வார்டு

அந்த நோட்டுக்குத் திரும்பி வருவோம். பள்ளியில் அந்தப் பக்கத்தின் நகல் இருக்கிறதா? இருந்தால் போய்த் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டு வா. வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. நாளைக்கு வேறு யாராவது அந்தக் கோப்பைத் திறந்து, தாயோடு சிக்கல் என்று படித்துவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பெண் பாவம், அவளுக்குத் தெரியாத ஒரு குற்றத்துக்கு.

புள்ளிக்கோலம்

போனேன். நகல் இருந்தது. சிவப்பு மையில் குறுக்கே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தலைமை ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்தார்.

புள்ளிக்கோலம் (நாலு மாதம் கழித்து)

இழையைத் தூசி தட்டுகிறேன். எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டேன், நேரடி வகுப்பு. ரிட்டயர்டு அப்பா சார் சொன்னபடி ஒரு தாளில் எல்லாம் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன், இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் பேனாவால் என் கூட்டலில் ஒரு தப்பைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார், ஹாஸ்டல் கட்டணத்தை விட்டிருந்தேன். சரி என்றுதான் அர்த்தம் என்று அம்மா சொன்னார். அந்தப் பழைய விண்ணப்பமும் பீரோவில் அப்படியே இருந்தது.

சனிக்கிழமைகளில் ஒரு பகல்நேர மறுவாழ்வு மையத்துக்குத் தன்னார்வலராகப் போகிறேன், அங்கே இருக்கும் சைக்காலஜிஸ்ட் மேற்பார்வையில். தெரபி என்ற சொல்லையே உபயோகிக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார், போர்டில் "படம் வரையும் நேரம்" என்றுதான் எழுதியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எனக்காக மட்டும் ஒரு நோட்டு, அதில் அசிங்கமாக வரைகிறேன், மழைக்கோட்டு அக்கா, நிஜமாகவே அசிங்கம்.

முதல் சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் கூட வரையவில்லை. நான் காலையிலேயே போய்த் தாள், பென்சில், கலர் எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். ஒரு அண்ணன் தாளை மடித்துக் காற்று வீசிக்கொண்டார், மின்விசிறி ஓடவில்லை. ஒரு பெரியவர் மட்டும் ஷார்ப்னரை எடுத்து, டப்பாவில் இருந்த பென்சில்களை ஒவ்வொன்றாகச் சீவ ஆரம்பித்தார். ஒரு மணி நேரம். முப்பத்தாறு பென்சில். சீவல் உடையாமல் பூவாகச் சுருண்டு வர வேண்டும் அவருக்கு, உடைந்தால் அந்தப் பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை, நோட்டில் ஒன்றும் எழுதவும் இல்லை. கிளம்பும்போது "அடுத்த வாரம் மழுங்கினது இருந்தா எடுத்து வை" என்றார்.

ஆறாம் வார்டு

ஷார்ப்னர் எத்தனை உள்ளே கொண்டு போனாய்?

புள்ளிக்கோலம்

மூன்று. மூன்றும் திரும்ப வந்தன அக்கா, பிளேடோடு. எண்ணிவிட்டுத்தான் கதவைப் பூட்டினேன்.

களிமண் கும்பகோணம்

சபாஷ். மழுங்கின பென்சில் எங்கள் பள்ளியில் ஒரு மூட்டை கிடக்கிறது, முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பு, பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன்.